மெதுவாகப் போகிற ரயிலுக்கு ஒரு வக்காலத்து

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறபோது படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர், இப்போது கொல்லத்தில் வேலை. வேளாங்கண்ணியிலிருந்து செங்கோட்டை வழியாக எர்ணாகுளம் போகிற ரயிலில் போயிருக்கிறார். "செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் காலத்திலும் இப்படியா? எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டிருந்தார். பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

நான் அந்த மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் என்று அங்கேயே இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேகத்துக்கு எதிரி இல்லை. ரயில் இல்லாமல் இருப்பது என்ன என்று காரைக்கால்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே, 1898இல், பேரளத்திலிருந்து நம் ஊருக்கு ரயில் வந்துவிட்டது. எண்பதுகளின் கடைசியில் அந்தப் பாதையை மூடினார்கள். அப்புறம் 2011இல் நாகூர் வழியாக அகலப் பாதை வந்து சேரும்வரை, இருபது வருஷத்துக்கு மேல் நம் பிள்ளைகள் ரயிலைப் படத்தில்தான் பார்த்தார்கள். இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைகிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. சமவெளியில் ரயில் இன்னும் வேகமாகப் போகட்டும். அந்த மனு வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

ஆனால் காட்டுக்குள் போகிறபோது கணக்கு வேறு.

என் மகன் எர்ணாகுளத்தில் இருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு முறை பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவேன். நமக்கு இருக்கவே இருக்கிறது டீ கார்டன் எக்ஸ்பிரஸ். முன்பு நாகூரிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது, பாதை வந்த பிறகு காரைக்காலிலிருந்தே கிளம்புகிறது. மாலையில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். பெயர்தான் டீ கார்டன். வழியில் ஒரு தேயிலைச் செடியைக்கூட நான் பார்த்ததில்லை. தஞ்சாவூர் வரைக்கும் வயல், திருச்சியில் சாப்பாட்டு மூட்டையைப் பிரிப்பது, கரூருக்குள் தூக்கம். கோயம்புத்தூர் தாண்டும்போது நள்ளிரவு கடந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயை நான் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். எல்லா முறையும் தூங்கிக்கொண்டே.

ஒரே ஒரு முறை விழிப்பு வந்தது. ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. வெளியே கும்மிருட்டு. எதிர்ப் படுக்கைக்காரரும் எழுந்துவிட்டார். "என்னங்க இது, மாட்டு வண்டி மாதிரி போகுது" என்று நான்தான் ஆரம்பித்தேன். அவர் கூடச் சேர்ந்துகொண்டார். வாளையார் தாண்டும்வரை இரண்டு பேரும் ரயில்வேயைத் திட்டித் தீர்த்தோம். ஆகவே, தம்பி, உங்கள் எரிச்சல் எனக்குப் புதிது இல்லை.

பிறகு 2021 நவம்பர் 27ஆம் தேதி காலையில் செய்தி பார்த்தேன். முந்தைய இரவு கோவைக்கும் வாளையாருக்கும் நடுவே, நவக்கரை பக்கத்தில், மங்களூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் மோதி மூன்று யானைகள் செத்துப்போயிருந்தன. பெரியது ஒன்று, சிறியவை இரண்டு. தண்டவாளத்தின் ஓரம் அவை கிடந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த இரவு ஞாபகம் வந்தது. நான் மாட்டு வண்டி என்று கேலி செய்த அதே இடம். அந்த வண்டி எதற்காக அங்கே மெதுவாகப் போனது என்று அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளிடம் "ஏன் என்று கேளுங்கள்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள் நான்.

இப்போது மதுக்கரைப் பக்கம் கோபுரங்கள் அமைத்து வெப்பத்தை உணரும் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். யானை தண்டவாளத்தின் அருகே வந்தால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகிறது, அங்கிருந்து ரயில்வேக்கு. 2024 பிப்ரவரியிலிருந்து இது நடக்கிறது. யானைகள் கடந்து போகத் தண்டவாளத்துக்குக் கீழே சுரங்க வழிகளும் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். உடனே ஒருவர் கேட்பார்: "கேமராதான் வந்துவிட்டதே டீச்சர், இனிமேல் வேகத்தைக் கூட்டலாமே?"

கூடாது. யானை நிற்கிறது என்று கேமரா சொல்லும். ரயிலை நிறுத்துவது கேமரா இல்லை, பிரேக். ஓடுகிற வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால், அது நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். இருபது பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிற எஞ்சினுக்கு இது வாழ்வா சாவா கணக்கு. தகவல் வந்த பிறகு நிற்க இடம் வேண்டுமே. அந்த இடத்தைத் தருவதுதான் மெதுவான வேகம். கேமரா வேகக் கட்டுப்பாட்டுக்குத் துணை. அதற்குப் பதில் ஆகாது.

இனி செங்கோட்டைக்கு வருகிறேன்.

போன முறை மகன் வீட்டுக்குப் போகும்போது டீ கார்டனில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. "வேளாங்கண்ணி ரயிலில் வாங்கம்மா, சுற்று வழிதான், ஆனால் மலை வழி" என்றான். வாரத்தில் இரண்டு நாள்தான் அந்த வண்டி. காரைக்காலிலிருந்து பேருந்தில் நாகப்பட்டினம் போய் ஏறினேன். சாதாரணப் படுக்கை வசதிப் பெட்டி, ஜன்னலோரக் கீழ்ப்படுக்கை. திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, காரைக்குடி என்று நமக்குப் பழகின ஊர்கள் தாண்டியதும் படுத்துவிட்டேன். தென்காசியில் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்து எழுப்பியது. செங்கோட்டையில் வண்டி நின்றபோது இன்னும் விடியவில்லை.

அங்கே ஒரு பெரியவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவராம். வண்டி கிளம்பியதும் பின்னால் கையைக் காட்டி, "கடைசியில இன்னொரு எஞ்சின் மாட்டியிருக்காங்கம்மா. முன்னால ஒண்ணு இழுக்கும், பின்னால ஒண்ணு தள்ளும். அவ்வளவு ஏத்தம்" என்றார். பகவதிபுரம் தாண்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தது. பெட்டியில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தினார்கள். சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் வேறு உலகம். இந்தப் பக்கம் காய்ந்த மண் வாசனை, அந்தப் பக்கம் ஈர இலை வாசனை. ஆரியங்காவு வந்தபோது மெல்ல வெளிச்சம் வந்தது.

நான் தருமபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். நம் ஊரில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை தரை. கோபுரத்தையும் தென்னையையும் விட்டால் தலையை நிமிர்த்திப் பார்க்க ஒன்றும் கிடையாது. அன்றைக்குத்தான் ஜன்னலுக்குள் தலையைச் சாய்த்து, இன்னும் சாய்த்து, மலையின் உச்சி எங்கே முடிகிறது என்று தேடினேன். மேலே மேகம் மூடியிருந்தது. கீழே பார்த்தால் பள்ளம், அதன் அடியில் ஒரு ஆறு. வண்டி வளையும்போது நம் எஞ்சினை நாமே பார்க்கலாம். கழுதுருட்டியில் பதிமூன்று வளைவுள்ள கருங்கல் பாலத்தின் மேல் வண்டி போனது. பக்கத்துப் பெட்டியில் யாரோ கைதட்டினார்கள். தென்மலை, ஒற்றைக்கல், எடமண் என்று இறங்க இறங்க ரப்பர் தோட்டங்களும் ஓட்டு வீடுகளும் வந்தன. புனலூரில் டீ குடித்தபோது, இரண்டு மணி நேரம் போனது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

இடையில் நானும் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பச்சையாக ஏதோ ஓடுகிறது, அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். தருமபுரத்துச் சுவாமியின் பெயரே யாழ்மூரிநாதர். சம்பந்தர் பாடிய பண்ணைத் தன் யாழில் அடக்க முடியாமல், யாழ்ப்பாணர் அந்த யாழையே முறிக்கப் போன தலம். எல்லாம் கருவியில் அடங்கிவிடும் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு நம் ஊரிலேயே கோயில் இருக்கிறது. கைப்பேசியை உடைக்கப் போகவில்லை. பைக்குள் வைத்துவிட்டேன்.

அந்தப் பெரியவரிடம் நான் கேட்டேன்: "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமே ஐயா, ஏன் இப்படி?" அவர் சிரித்தார். "மெள்ளப் போனாத்தான்ம்மா மலை நம்மள விடும்" என்றார். பிறகு விவரமாகச் சொன்னார். ஏற்றமும் வளைவும் சேர்ந்து வருகிற இடம். இறக்கத்தில் வண்டி கை மீறினால் பிடிக்க முடியாது. மழைக்காலத்தில் மேலேயிருந்து மண்ணும் பாறையும் சரியும். ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு ஆட்கள் தண்டவாளத்தில் நடந்து பார்த்த பிறகுதான் வண்டியை விடுவார்கள். "நீங்க ஜன்னலோரமா உக்காந்து பாக்குறதுக்கு முன்னாடி ஒருத்தன் மழையில நடந்திருப்பான்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்தப் பாதையின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு 1904இல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவிடம் கைமாறியது 1954 நவம்பர் 1. இரண்டு ஊருக்கும் ஒரே தேதி, இரண்டு வருஷ இடைவெளி. வகுப்பில் இருந்தால் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன். அகலப் பாதையாக மாற்றுவதற்காக மலைப் பகுதியை 2010இல் மூடினார்கள். திறக்க 2018 ஆனது. எட்டு வருஷம் வேலை செய்தும், மலையை வெட்டி நேராக்கிவிடவில்லை. பழைய வளைவும் பழைய பாலமும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன, பலப்படுத்தியிருக்கிறார்கள். வேகம் வேண்டும் என்றால் மலையை இன்னும் குடைய வேண்டும், காட்டை இன்னும் வெட்ட வேண்டும். அரை மணி நேரத்துக்காக அது வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

"காடு, யானை எல்லாம் அவர்கள் பாடு. நம்முடையது கடற்கரை ஊர், நமக்கு என்ன?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் சொல்கிறேன், நமக்குத்தான் அதிகம்.

காரைக்கால் கடைமடை. மலையில் பெய்யாவிட்டால் நம் அரசலாற்றில் மணல்தான். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கிற ஆறு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து நம்மிடம் வருகிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்று நம் விவசாயிகள் வானொலியைப் பார்த்துக் காத்திருப்பது, மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை எப்படி இறங்கியது என்பதைப் பொறுத்துத்தான். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரி மாநிலத்துக்கென்று, அதாவது நம் காரைக்காலுக்கென்று, ஒதுக்கியது 7 டி.எம்.சி. அந்த ஏழுக்கும் மூலதனம் மலைமேல் நிற்கிற காடு. நாம் நிற்கிற இந்த மண்ணே மலையிலிருந்து ஆறு சுமந்து வந்து கொட்டியது. நாம் அந்த மலையின் கடைசிப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்குத் தாயின் உடம்பு எப்படி இருக்கிறது என்ற கவலை இருக்க வேண்டாமா?

இங்கே என்னுடைய ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்.

பல வருஷத்துக்கு முன்னால், ஐந்தாம் வகுப்பில் மேற்குத் தொடர்ச்சி மலை நடத்திக்கொண்டிருந்தேன். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "மலை எவ்வளவு உசரம் டீச்சர்? நம்ம கோயில் கோபுரம் அளவா?" என்று கேட்டான். "அதைவிட உயரம். ஆனைமுடி 2,695 மீட்டர்" என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவன் முழித்தான். "கோபுரத்து மேல கோபுரம் வெச்சா எத்தனை கோபுரம் டீச்சர்?" என்று மறுபடி கேட்டான். வகுப்பு சிரித்தது. "உட்காருடா" என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டது சரியான கேள்வி. எனக்குத்தான் பதில் தெரியவில்லை, ஏனென்றால் நானும் மலையைப் பார்த்ததில்லை. வரைபடத்தில் பழுப்பு வண்ணம் அடித்த இடம் மலை. அதைக் குச்சியால் தொட்டுக் காட்டியே நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஆரியங்காவில் தலையைச் சாய்த்து உச்சியைத் தேடியபோது அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். அவனை இந்த ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தால் ஒரு வார்த்தை பாடம் நடத்த வேண்டியிருக்காது. எங்கள் காலத்துப் பள்ளிச் சுற்றுலா என்றால் தரங்கம்பாடி, பூம்புகார், வேளாங்கண்ணி. எல்லாம் கடல் மட்டம். இப்போது விளையாட்டுப் பூங்காவுக்குப் பேருந்தில் கூட்டிப் போகிறார்கள், தண்ணீரில் சறுக்கிவிட்டு வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வருஷத்தில் ஒரு பயணமாவது மலை ரயிலில் இருக்கட்டும் என்கிறேன். செங்கோட்டை போனால் போதும், அங்கிருந்து பகல் வண்டியில் புனலூர் போய்த் திரும்பலாம். ஊட்டி மலை ரயில் உலகப் புகழ்தான், 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதில் ஒரு வகுப்பு முழுவதுக்கும் இடம் பிடிப்பது குதிரைக் கொம்பு. செங்கோட்டைப் பாதையில் ஓடுவது ஜனங்கள் போகிற வண்டி, ஜனங்களுக்குக் கட்டுப்படியாகிற கட்டணம். கம்பி போட்ட திறந்த ஜன்னல். ஏழைப் பிள்ளைக்கும் அதே மலைதான் தெரியும்.

கடைசியாக, காட்டு வழியாகப் போகிற ரயிலில் ஏறுகிறவர்களுக்கு டீச்சர் என்ற முறையில் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, சாப்பிட்ட மிச்சத்தையும் பிளாஸ்டிக்கையும் ஜன்னல் வழியே எறியாதீர்கள். நீங்கள் எறிகிற வாழைப்பழத் தோலும் சோறும் யானையையும் குரங்கையும் தண்டவாளத்துக்குக் கூப்பிடுகிற அழைப்பிதழ்.

இரண்டு, படம் எடுக்கப் படிக்கட்டில் தொங்காதீர்கள். பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. சுரங்கச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வரும்.

மூன்று, வண்டி ஊர்ந்தால் திட்டாதீர்கள். நான் திட்டியது போதும்.

தம்பி, உங்கள் மனுவுக்கு வருகிறேன். வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியபோது வண்டி ஊர்ந்தால் கோபம் வரத்தான் செய்யும். நியாயம். மனுவை மாற்றி எழுதுங்கள். வாரம் இரண்டு நாள் வருகிற வண்டியைத் தினமும் விடச் சொல்லுங்கள். சமவெளியில் நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். காரைக்காலிலிருந்தே கிளம்பும்படி செய்யச் சொல்லுங்கள். அதற்குக் கையெழுத்து வாங்க இந்த வெயிலில் வீடு வீடாக நானே வருகிறேன். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை அந்த வழியாக வரும்போது உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுங்கள். மலை எத்தனை கோபுரம் உயரம் என்று அவளே எண்ணிச் சொல்லட்டும். சொன்னால் எனக்கும் எழுதுங்கள். ஒரு பையனுக்கு நான் இன்னும் பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் எல்லோருக்கும் பதில் சொல்வேன்.